தோற்றபோது மட்டும் பார்த்தவர்கள்

யானா நோவோட்னா என்ற பெயரை எங்கள் வயதினரிடம் சொல்லிப் பாருங்கள். டென்னிஸில் ஓரளவு ஆர்வம் உள்ளவர் எவராயினும் ஒரே காட்சியைத்தான் நினைவுகூர்வார். வெள்ளை ஆடை அணிந்த உயரமான பெண்ணொருவர், பரிசளிக்க வந்த அரச குடும்பத்துச் சீமாட்டியின் தோளில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருப்பார். சீமாட்டியின் கை அவரை அணைத்திருக்கும். பின்னால் விம்பிள்டன் மைய அரங்கின் புல்தரை. நாள், 1993 ஜூலை 3, சனிக்கிழமை. சீமாட்டி, கெண்ட் கோமகள் கேதரின். அன்று கோப்பையை வென்றவர் ஸ்டெஃபி கிராஃப். ஆனால் வென்றவரின் படம் எவர் மனத்திலும் தங்கவில்லை. தோற்றவரின் அழுகைதான் உலகம் முழுவதும் அச்சாகியது. எங்கள் ஊர் நாளிதழ்களிலும் வந்தது. அந்தப் படத்தைக் கத்தரித்து விடுதி அறைச் சுவரில் ஒட்டியவர்களில் நாங்களும் உண்டு. இரக்கத்தினால் ஒட்டவில்லை, வேடிக்கைக்காக ஒட்டினோம். இந்தக் கட்டுரை அந்த வேடிக்கையைப் பற்றியது.

நாங்கள் ஐவர். பொறியியல் படிப்பு, ஒரே விடுதி, அடுத்தடுத்த அறைகள். கைக்குக் கிடைத்த நாவல்களை முறைவைத்துப் படித்து இரவெல்லாம் சண்டையிடுவது எங்கள் வழக்கம். இலக்கியத்தில் ஒருவருடன் ஒருவர் ஒத்துப்போனதே இல்லை. ஆனால் டென்னிஸில் ஐவரும் ஒரே கட்சி, ஸ்டெஃபி கட்சி. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஃபோர்ஹேண்ட், அந்த ஓட்டம், தலையை நிமிர்த்தாமல் அடுத்த பந்துக்குத் தயாராகும் அவசரம், எல்லாம் சேர்ந்து ஒரு மயக்கம். அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில் மோனிகா செலஸ் ஆட்டத்தின் நடுவே கத்தியால் குத்தப்பட்டிருந்தார். அவர் இல்லாத விம்பிள்டனில் ஸ்டெஃபி வெல்வது உறுதி என்றிருந்தோம். எதிரில் நின்றவரை ஒரு பொருட்டாகவே நாங்கள் எண்ணவில்லை. பெயரைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. செக் மொழியில் அது யானா. நாங்கள் ஜானா என்றோம்.

ஆனால் அந்த ஜானா இலேசுப்பட்டவராக வந்திருக்கவில்லை. கால் இறுதியில் கேப்ரியேலா சபாட்டினியையும், அரை இறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவாவையும் வென்றுவிட்டு வந்திருந்தார். ஒன்பது முறை அந்தப் பட்டத்தை வென்ற நவ்ரத்திலோவாவை அவருடைய பாணியிலேயே, சர்வ் செய்துவிட்டு வலையை நோக்கி ஓடியே வென்றிருந்தார். இறுதி ஆட்டத்தின் முதல் செட் டை பிரேக்கர் வரை சென்று ஸ்டெஃபிக்குக் கிடைத்தது. இரண்டாவது செட்டில் யானா 6-1 என்று அடித்து நொறுக்கினார். விடுதியின் தொலைக்காட்சி அறையில் பேச்சு நின்றுபோனது. மூன்றாவது செட்டில் யானா 4-1 என முன்னிலை. அவருடைய சர்வ். 40-30. அந்த ஒரு புள்ளியை எடுத்தால் 5-1. அதன் பிறகு ஒரே ஒரு கேம் போதும்.

முதல் சர்வ் தவறியது. இரண்டாவது சர்வ் கோட்டைத் தாண்டி வெகுதூரத்தில் விழுந்தது. டபுள் ஃபால்ட்.

அதுவரை அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர் எவருக்கும் அது ஒரு புள்ளி மட்டுமே. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்து, எளிதாக முடித்திருக்க வேண்டிய ஒரு வாலி வெளியே சென்றது. தலைக்கு மேலே வந்த ஒரு பந்தை ஓங்கி அடித்தார், வலையில் விழுந்தது. கேம் ஸ்டெஃபிக்குப் போனது. அடுத்த முறை அவர் சர்வ் செய்த கேமில் மூன்று டபுள் ஃபால்ட்கள். ஸ்டெஃபி தொடர்ச்சியாக ஐந்து கேம்களை எடுத்து 7-6, 1-6, 6-4 என்று முடித்தார். நாங்கள் மேசைகளைத் தட்டினோம், கூச்சலிட்டோம். பரிசளிப்பின்போது யானா முதலில் புன்னகைக்கத்தான் முயன்றார். கோமகள் ஏதோ கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுதான் அணையை உடைத்தது. ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு நிற்க முடிந்த மனிதர்களும் கனிவின் முன்னால் உடைந்துவிடுவார்கள் என்பதை அறியும் வயது எங்களுக்கு அப்போது இல்லை. எங்கள் அறையில் சிரிப்புத்தான் எழுந்தது.

*

ஆங்கிலப் பத்திரிகைகள் அன்று அவருக்கு ஒரு சொல்லைச் சூட்டின. தொண்டை அடைத்து மூச்சுத் திணறுவதைக் குறிக்கும் சொல் அது. வெற்றியின் வாசலில் நின்று தடுமாறுகிறவர்களை விளையாட்டு உலகம் அந்தச் சொல்லால்தான் அழைக்கும். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியைச் சொல்லிச் சொல்லி நம்மவர்களும் அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. அதைவிடச் சுருக்கென்று தைக்கும் ஒன்றை நாங்களே உருவாக்கிக்கொண்டோம். எல்லாம் தெரிந்தும் கடைசி நிமிடத்தில் கோட்டை விடுகிறவன் "நோவோட்னா". கேரம் பலகையில் கடைசிக் காயைத் தவறவிட்டால் நோவோட்னா. ஓடிவந்தும் பேருந்தைத் தவறவிட்டால் நோவோட்னா. சொல்லை உருவாக்குவதில் எங்களுக்கு இருந்த மகிழ்ச்சி எழுத்தாளர்களாகிவிட்ட மகிழ்ச்சியாகவே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இறுதி ஆண்டில் எங்களில் ஒருவனுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஐவரில் அதிகம் படித்தவன் அவன்தான். எங்கள் நால்வருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. வளாகத் தேர்வின் கடைசிச் சுற்று நேர்காணலில், முதல் நாள் இரவு எங்களுக்கு விளக்கிய அதே கேள்வியைத்தான் அவனிடம் கேட்டார்கள். அவன் வாய் திறக்கவில்லை. சில நிமிடங்கள் மேசையைப் பார்த்தபடி அமர்ந்திருந்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அவனிடம் பாடம் கேட்டவர்களில் இருவருக்கு அன்று வேலை கிடைத்தது. அன்றிரவு நாங்கள் அவன் அறைக் கதவில் சுவரிலிருந்த அந்தப் படத்தைப் பெயர்த்து ஒட்டினோம். அவனும் சிரித்தான். எங்களோடு சேர்ந்து சிரித்தான் என்பதை வெகுகாலம் எங்களுக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தோம். அதன் பிறகு அவன் இரவு விவாதங்களுக்கு வருவது குறைந்தது. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போனான். கடிதங்களுக்குப் பதில் வந்தது, ஆனால் மூன்று வரிகளில் வந்தது.

*

விளையாட்டுகளில் டென்னிஸுக்கு ஒரு கொடுமை உண்டு. அதில் கடிகாரம் கிடையாது. கால்பந்தில் இரண்டு கோல்கள் முன்னிலை என்றால் பந்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி நேரத்தைப் போக்கலாம். கிரிக்கெட்டில் தோற்கும் டெஸ்ட் ஆட்டத்தை மழையோ மாலை வெளிச்சமோ காப்பாற்றலாம். குத்துச்சண்டையில்கூடப் புள்ளிகளில் முன்னே இருப்பவர் கடைசிச் சுற்றில் விலகி விலகி நின்று மணி அடிக்கக் காத்திருக்கலாம். டென்னிஸில் எவ்வளவு முன்னிலை இருந்தாலும் கடைசிப் புள்ளியை நாமே எடுத்தாக வேண்டும். அது தானாக வராது. எதிரில் நிற்பவர் தோற்றுக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வெல்பவர்தான் முடித்துவைக்க வேண்டும். அதுவும் தனியாக. அந்த ஆண்டுகளில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வாய் திறக்கவும் அனுமதி இல்லை.

யானாவின் ஆட்டமுறை இந்தக் கொடுமையை இரட்டிப்பாக்கியது. பின்கோட்டில் நின்று ஆடுகிறவர் பதற்றம் வந்தால் பந்தை உயரமாக, பாதுகாப்பாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே கையைத் தளர்த்திக்கொள்ளலாம். சர்வ் செய்துவிட்டு வலைக்கு ஓடுகிறவருக்கு அந்த ஒதுங்கல் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று அடிகளில் தீர்ந்துவிடும். பந்தைத் தூக்கிப் போடுவதில் விரல் நுனியளவு பிசகினால் சர்வ் போயிற்று. சர்வ் பலவீனமாக விழுந்தால் வலையருகே நிற்பவரைத் தாண்டி ஸ்டெஃபியின் ஃபோர்ஹேண்ட் பறந்துவிடும். ஆகவே இரண்டாவது சர்வையும் துணிந்தே அடித்தாக வேண்டும். அந்த 40-30இல் அவர் செய்தது அதைத்தான் என்று இன்று அந்தப் பதிவை மறுபடி பார்க்கும்போது எங்களுக்குத் தோன்றுகிறது. அதுவரை எந்தத் துணிச்சல் அவரை 4-1 வரை கொண்டுவந்ததோ, அதே துணிச்சல்தான் ஒரு பந்தில் எல்லை மீறியது. கோட்டுக்குள் விழுந்திருந்தால் அதற்குப் பெயர் வீரம். வெளியே விழுந்ததால் வேறு பெயர்.

*

யானா நோவோட்னா 1968 அக்டோபர் 2 அன்று ப்ருனோ நகரில் பிறந்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியப் பகுதியில் உள்ள பெரிய நகரம் அது. அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அந்த ஆகஸ்ட்டில், சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்திருந்தன. இலக்கிய வாசகர்களுக்கு ப்ருனோ வேறொரு வகையிலும் தெரிந்த ஊர். மிலன் குந்தேரா பிறந்த ஊர் அது. அவருடைய "சிரிப்பும் மறதியும் பற்றிய புத்தகம்" நாவலில் லீதொஸ்த் என்ற செக் சொல்லைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. பிற மொழிகளில் அதற்கு நிகரான சொல் இல்லை என்பது அவர் கட்சி. தன் சிறுமையைத் தானே திடுமெனக் காண நேர்ந்தவனின் வேதனை என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அந்த வேதனை அடுத்த கணமே எவர் மீதாவது பழிதீர்க்கத் துடிக்கும் என்றும் குந்தேரா விவரித்துச் செல்வார். விடுதி நாட்களில் நாங்கள் இந்தப் பகுதியை மாய்ந்து மாய்ந்து விவாதித்திருக்கிறோம். சுவரில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டே விவாதித்திருக்கிறோம். அந்த ஊரில் பிறந்த ஒருவரின் படத்துக்குக் கீழே அமர்ந்திருக்கிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்நாட்டு டென்னிஸ் மரபு அபூர்வமானது. நவ்ரத்திலோவா ப்ராகில் பிறந்து 1975இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர். ஹானா மண்ட்லிகோவா நான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவர். ஆனால் விம்பிள்டன் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. 1981இலும் 1986இலும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றார். இந்த மண்ட்லிகோவாதான் பின்னர் யானாவின் பயிற்சியாளர் ஆனார். அதே வாசலில் இரண்டு முறை திரும்ப நேர்ந்தவர் இன்னொருவருக்கு அந்த வாசலுக்கு வழி காட்ட வந்தார். எங்களைப் போன்றவர்கள் கவனித்திருக்க வேண்டிய கதை அங்கே இருந்தது.

யானா முதலில் இரட்டையர் ஆட்டக்காரராகவே அறியப்பட்டார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஹெலெனா சுகோவாவுடன் இரட்டையர் வெள்ளிப் பதக்கம். 1990இல் அதே இணை ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்கள் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. மொத்தத்தில் பெண்கள் இரட்டையரில் 12, கலப்பு இரட்டையரில் 4 என 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் அவருக்கு உண்டு. எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் இரட்டையரில் 76, ஒற்றையரில் 24. 1996 அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலமும் இரட்டையர் வெள்ளியும். இந்தக் கணக்கை அடுக்குவதன் நோக்கம் ஒன்றுதான். கடைசி நிமிடத்தில் கைநழுவ விடுவதே ஒருவரின் இயல்பு என்றால் இத்தனை இறுதி ஆட்டங்களை அவரால் வென்றிருக்க முடியாது. வாலியும் சர்வும் கை நடுங்குபவருக்கு வசப்படும் கலைகள் அல்ல. ஆனால் இரட்டையர் ஆட்டத்தை உலகம் அரைக்கண்ணால்தான் பார்க்கிறது. நாங்கள் அந்த அரைக்கண்ணையும் திறக்கவில்லை.

*

உண்மையைச் சொன்னால், எங்கள் ஏளனத்துக்கு அவர் மேலும் தீனி போட்டார். 1995 பிரெஞ்சு ஓபன் மூன்றாவது சுற்றில் அமெரிக்காவின் சந்தா ரூபினுக்கு எதிராக இறுதி செட்டில் 5-0, 40-0 என்று முன்னிலையில் இருந்தார். ஒரு புள்ளி போதும். ஒன்பது மேட்ச் பாயிண்ட்கள் நழுவின. ரூபின் 8-6 என்று அந்த செட்டை வென்றார். அப்போது நாங்கள் வெவ்வேறு ஊர்களில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். செய்தியைப் படித்ததும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பரிமாறிக்கொண்டோம். அவனுக்கும் ஒருவன் அஞ்சலட்டை போட்டான். "உன் தலைவி மறுபடியும் சாதித்துவிட்டாள்" என்பது அதன் வாசகம். அதற்குப் பதில் வரவில்லை.

1997 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் யானா மறுபடியும் வந்து நின்றார். எதிரில் 16 வயது மார்ட்டினா ஹிங்கிஸ். முதல் செட் 6-2 என யானாவுக்கு. மூன்றாவது செட்டிலும் 2-0 என்று முன்னே இருந்தார். அடுத்த இரண்டு செட்களையும் 6-3, 6-3 என எடுத்து ஹிங்கிஸ் வென்றார். வயிற்றுத் தசை வலியோடு ஆடினார் யானா. பரிசளிக்க வந்தவர் அதே கெண்ட் கோமகள். மூன்றாவது முறை அதிர்ஷ்டம் என்று அவர் யானாவிடம் சொன்னதாகப் பின்னர் செய்திகள் வந்தன. இம்முறை யானா அழவில்லை. அந்த ஆண்டின் முடிவில் பெண்கள் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டியை அவர் நியூயார்க்கில் வென்றார். தரவரிசையில் இரண்டாம் இடம் வரை உயர்ந்திருந்தார்.

1998. கால் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸ். அரை இறுதியில் ஹிங்கிஸ், இம்முறை 6-4, 6-4 என யானாவுக்கு. ஜூலை 4 அன்று இறுதி ஆட்டம். எதிரில் பிரான்சின் நத்தலி தோசியா. இருவருமே சர்வ் செய்துவிட்டு வலைக்கு ஓடுகிறவர்கள். அதுபோன்ற ஒரு பெண்கள் இறுதி ஆட்டத்தை அதன் பின் அந்தப் புல்தரை பார்த்ததில்லை. 6-4, 7-6. டை பிரேக்கர் 7-2. இரண்டாவது செட் டை பிரேக்கருக்குப் போனபோது அரங்கில் இருந்த அத்தனை பேரும் 1993ஐத்தான் நினைத்திருப்பார்கள். அவரும் நினைத்திருப்பார். ஆனால் கை பிசகவில்லை. ஏறக்குறைய முப்பது வயதில், முதல் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம். அதுவரையிலான ஓப்பன் காலப் பெண்களில் அவ்வளவு மூத்த வயதில் முதன்முறை வென்றவர் அவர்தான். அதே கோமகள், அதே இடத்தில், இம்முறை தட்டை அவர் கையில் கொடுத்தார். அதே விம்பிள்டனில் இரட்டையர் பட்டமும் அவருக்கு. இணை யார் தெரியுமா? முந்தைய ஆண்டு அவரைத் தோற்கடித்த அதே ஹிங்கிஸ். லீதொஸ்த்துக்கு மருந்து பழிதீர்ப்பு அல்ல என்பதற்கு குந்தேராவின் ஊர்ப் பெண்ணே சாட்சி சொல்லிவிட்டார்.

அந்த மாலை நாங்கள் எங்கே இருந்தோம்? நன்றாக நினைவிருக்கிறது. பிரான்சில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. அன்று நெதர்லாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் கால் இறுதி. எங்களில் மூவர் சென்னையில் ஒரே வீட்டில் கூடியிருந்தோம். ஆட்டம் முடியப் போகும் தறுவாயில் டென்னிஸ் பெர்காம்ப் நீளமாக வந்த பந்தைக் காற்றிலேயே தடவி இறக்கி, ஒரு தட்டில் தடுப்பாளரைத் தாண்டி, அடுத்த தட்டில் கோலாக்கியதை இன்றும் எங்களால் அங்குலம் அங்குலமாக விவரிக்க முடியும். அதற்குச் சற்று முன்பாக வேறொரு அலைவரிசையில் யானா நோவோட்னா விம்பிள்டனை வென்றுகொண்டிருந்தார். மறுநாள் நாளிதழில் ஒரு படம் பார்த்தோம். "பரவாயில்லையே" என்று ஒருவன் சொன்னான். பக்கத்தைப் புரட்டினோம். எவரும் அதைக் கத்தரிக்கவில்லை.

*

2017 நவம்பர் 19 அன்று யானா நோவோட்னா புற்றுநோயால் இறந்தார். வயது 49. நோயைப் பற்றி வெளியே பெரிதாக எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது எங்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. எங்களிலேயே ஒருவன், வழக்கம்போல, அந்த அழும் படத்தைத்தான் அங்கே இட்டான். நால்வர் அஞ்சலி எழுதினோம். குழுவில் பேசியே இராத அவன், அதாவது நாங்கள் அந்தப் பெயரால் அழைத்தவன், அன்றிரவு ஒரே ஒரு வரி எழுதினான்.

"அவ ஜெயிச்சப்ப எடுத்த படம் ஒருத்தன்கிட்டயும் இல்லையாடா?"

எங்களிடம் இல்லை. எவரும் உடனே பதில் எழுதவில்லை. நெடுநேரம் கழித்து அவனே ஒரு படத்தை அனுப்பினான். நாளிதழ்த் துண்டு, மஞ்சளேறிய காகிதம், 1998 ஜூலை. தட்டை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் யானா. பத்தொன்பது ஆண்டுகளாக அவன் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறான். ஊரில் ஒரு சிறு அறையில், எங்கேயோ மின்சாரத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அன்று மாலை தனியாக அமர்ந்து அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தானாம். டை பிரேக்கரின்போது எழுந்து வாசலுக்குப் போய்விட்டானாம். உள்ளிருந்து அவன் அம்மா, "உன் பொண்ணு ஜெயிச்சிடுச்சுப்பா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தானாம். இவற்றை அவன் பின்னர் தொலைபேசியில் சொன்னான். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களைப் படுத்தியது. கதவில் படம் ஒட்டியதற்கு மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கடா. படம் ஒட்டுனது தப்பில்ல. அதுக்கப்புறம் மாத்தி ஒட்டலையே" என்றான்.

தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எங்களால் எழுத முடியாது. ஒருவர் தடுமாறும்போது பார்க்கிறோம், சிரிக்கிறோம். இளவயதில் எவரும் செய்வதுதான். அதன் பிறகு அவர் பக்கமே நாங்கள் திரும்பவில்லை. அவருக்கு நாங்கள் கொடுத்த பெயர் எங்கள் மனத்தில் அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதரோ நடந்துகொண்டே இருந்தார். அந்த ஐந்து கேம்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு வாழ்க்கைக்குத் தலைப்பிட்டோம். ஒரு நேர்காணலின் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு ஒரு நண்பனுக்கும். அவன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனால் நாங்கள் அதைச் சொல்வது எங்கள் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தத்தானோ என்ற ஐயமும் கூடவே வருகிறது. அவன் நன்றாக இல்லாமற்போயிருந்தாலும் அந்தப் பெயர் நியாயமாகிவிட்டிருக்காது. 1998இல் தோசியாவே வென்றிருந்தாலும் யானாவுக்கும் அப்படித்தான்.

இந்த இடத்தில் தோசியாவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. முப்பது வயதில் வந்து நின்ற அவர் ஒற்றையரில் இன்னொரு கிராண்ட் ஸ்லாம் இறுதி ஆட்டத்தை ஆடவில்லை. அவருடைய உறவினர் திதியே தெஷாம் எட்டு நாட்கள் கழித்துக் கால்பந்து உலகக் கோப்பையை ஏந்தினார். தோசியா அழுத படம் எதுவும் நாளிதழ்களின் முகப்பை நிரப்பவில்லை. அழாமல் தோற்றவர்களை நாம் நினைவில் வைப்பதும் இல்லை போலும்.

*

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு யானா ப்ருனோ பகுதிக்கே திரும்பியிருந்தார். 2014 வாக்கில் ஒரு நாள் அந்த ஊர்ப்பக்கத்துப் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தன் பெற்றோருடன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கடிதம். இளையோர் போட்டிகள் முடிந்துவிட்டன, இனி என்ன செய்வது என்று தெரியவில்லை, உதவுவீர்களா என்பதுதான் செய்தி. பெயர் பார்போரா கிரெய்சிகோவா. யானா அவளுக்குப் பயிற்சி அளித்தார். நோய் முற்றிய நாட்களிலும் அந்தப் பெண் அவர் அருகில் இருந்தாள். ஆட்டத்தை அனுபவித்து ஆடு, ஒரு கிராண்ட் ஸ்லாமை வெல்லப் பார் என்பதே யானா அவளிடம் விட்டுச்சென்ற சொல்.

கிரெய்சிகோவா 2021இல் பிரெஞ்சு ஓபனை வென்றார். 2024 ஜூலை 13 அன்று விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ஜாஸ்மின் பவோலினியை எதிர்கொண்டார். 6-2, 2-6, பின் மூன்றாவது செட். 5-4 என்ற நிலையில் பட்டத்துக்காக சர்வ் செய்தார். முதல் வாய்ப்பில் முடியவில்லை. இம்முறை நாங்கள் ஐவரும் வெவ்வேறு ஊர்களில், ஐந்து திரைகளின் முன்னால், அந்த ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குழுவில் ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதத் துணிவில்லை. பவோலினியின் பந்து வெளியே சென்று 6-4 என முடிந்தபோதுதான் மூச்சு வந்தது.

அதன் பிறகு வெற்றியாளர்களின் பெயர்கள் பொறித்த பலகையின் முன்னால் அவரை அழைத்துச் சென்றார்கள். தன் பெயரைப் பார்த்தார். அதே பலகையில் 1998க்கு நேராக இருந்த பெயரையும் பார்த்தார். அழுதார். அந்தப் பலகையில் எத்தனை டபுள் ஃபால்ட்கள் என்று எழுதியிருக்கவில்லை. ஆண்டும் பெயரும் மட்டும்தான்.

2025 செப்டம்பர் 4 அன்று கெண்ட் கோமகளும் தம் 92ஆம் வயதில் காலமானார். இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில், தாம் இன்னார் என்று வெளியே காட்டிக்கொள்ளாமல், பல ஆண்டுகள் குழந்தைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தப் படத்தில் இருந்த இருவருமே இப்போது இல்லை. அன்று குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அஞ்சியபடிதான் திறந்தோம். 1998ஆம் ஆண்டின் படம். தட்டு யானாவின் கையில். கோமகள் சிரித்துக்கொண்டிருக்கிறார். அனுப்பியவன் எங்களில், முன்பு சுவரில் மற்றப் படத்தை ஒட்டியவன்.

அவன், அந்தப் பெயரைச் சுமந்தவன், கீழே ஒரு கட்டைவிரல் குறியை மட்டும் இட்டான். மூன்று வரிகளைவிட அது எங்களுக்கு நீளமாகவே இருந்தது.